பதினைந்து சென்டிமீட்டர்

வீரவநல்லூர் தாண்டி
ஆலடிக்கால் பிரிகிற மதகிலிருந்து
தெற்கே ஆயிரத்து நானூறு மீட்டர்.
கரைக்கு சிமெண்ட் போட்ட வேலை,
துண்டு துண்டாக ஒன்பது வருஷம்.
அளந்தது நான். எம்-புக் எழுதினதும் நான்.
பிரம்மநாயகம், பணி ஆய்வாளர்,
சேரன்மகாதேவி பிரிவு அலுவலகம்.
ரிட்டயராகி ஆறு மாசம்.

இப்போது காலை நடை அந்தக் கரைமேல்தான்.
சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார்கள்.
கணக்குப் பார்க்க யாரும் சொல்லவில்லை.

முதல் நானூறு மீட்டர்
ஒரே கட்சி தனியாக ஆண்ட காலம்.
கேட்க ஒரு வாய். நூற்றுக்குப் பன்னிரண்டு.
கோட்டையில் யாருக்கும் பயமில்லை,
அதனால் பசியும் நிதானமாக இருந்தது.
கனம் பன்னிரண்டு சென்டிமீட்டர் தேறும்.
எருமை இறங்கினால் ஓரம் மட்டும் உதிர்கிறது.

அப்புறம் கூட்டணி.
தொகுதி ஒருத்தருக்கு, துறை இன்னொருத்தருக்கு.
"ரெண்டு வீட்டுக்கும் பந்தி வைக்கணும் அண்ணாச்சி"
காண்ட்ராக்டர் சாலமோன் துரை என்னிடம் அழுதார்,
அழுதுகொண்டே ஜல்லியைக் குறைத்தார்.
ஒன்பது.

பிறகு இடைத்தேர்தல்.
பக்கத்துத் தொகுதியில்; நமக்கு ஓட்டுகூட இல்லை.
ஆனாலும் செலவு எங்கள் வாய்க்காலில் வந்து விழுந்தது.
அந்த ராத்திரி தெருத்தெருவாகப் போன கவர்களில்
இந்தக் கரையும் கொஞ்சம் போயிருக்கும்.
அதே மாசம் செயற்பொறியாளர் மாறினார்.
புதிதாக வந்தவர் நாற்காலியை
இரண்டு மரக்கால் விதைப்பாட்டு விலைக்கு வாங்கி வந்தவர்,
எத்தனை நாள் இருப்போமென்று தெரியாதவர்.
அறுக்கத்தானே செய்வார்.
ஏழு. சில இடத்தில் ஆறு.
போன ஐப்பசியில் உடைந்தது அங்கேதான்.

ஆனால் இங்கே,
இரண்டு மருத மரத்துக்கு நடுவே,
ஒரு அறுபது மீட்டர்.
கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தேன், கல்தான் உடைந்தது.
துணி துவைக்கிறவர்கள் எல்லாம் இங்கே வந்துதான் அடிக்கிறார்கள்.

அது தேர்தல் அறிவித்த சித்திரை.
இருப்பவர் இருப்பாரா, மற்றவர் வருவாரா,
டீக்கடைக்கும் தெரியவில்லை, ஜோசியருக்கும் தெரியவில்லை.
துரை பையை எடுத்துக்கொண்டு கார் வரைக்கும் போவார்,
திரும்பி வருவார்.
"யாருக்கு வே குடுக்க?
இவனுக்குக் குடுத்து அவன் வந்துட்டாம்னா?"
கொடுக்க ஆள் தெரியாத நாற்பத்தாறு நாள்.
போக வேறு இடமில்லாமல்
சிமெண்ட் கரைக்குள்ளேயே போனது.

சட்டத்துக்குப் பயந்து இல்லை,
மாதாவுக்குப் பயந்தும் இல்லை.
எண்ணாத ஓட்டுக்குப் பயந்து.

என் அரை பர்சென்ட்டும் அப்போது வரவில்லை.
வீட்டு கேட்டுக்கு ஒரு பக்கம்தான் போட முடிந்தது.
மறு பக்கத்து வழியாக
ஒன்றரை மாசம் தெருநாய் வந்து போனது.

ஓட்டு எண்ணி மூன்றாம் நாள்
துரை புதுக் கரை வேட்டியில் வந்தார்,
மடிப்புக் கலையாமல்.
வாய்க்கால் கரை மறுபடி ஏழு.
எனக்கு கேட்டின் இன்னொரு பக்கமும் வந்தது.

கடைமடையில் முப்பிடாதி.
பிசானத்துக்கு நாற்றுப் பாவிவிட்டு
காய்ந்த ஓடைக்குள் நிற்கிறான்.
"சார், எந்தக் கட்சி வந்தா
எங்க வரைக்கும் தண்ணி வரும்?"
செருப்பில் ஏதோ குத்துகிறதென்று குனிந்துகொண்டேன்.

எம்-புக்கில் எல்லாப் பக்கமும் பதினைந்து.
என் கையெழுத்து அழகாக இருக்கும்,
ஆடிட்டுக்கு வந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.
ஆயிரத்து நானூறில்
அந்த அறுபது மீட்டருக்கு மட்டும் அது உண்மை.
எழுதும்போது தெரியாது.
டேப்பைப் பையிலிருந்து எடுக்காமலே
பழக்கத்தில் எழுதினது.